உதவி தேவை: லீக் அட்டவணையைக் கூட்டினால் கணக்கு இடிக்கிறது (இங்கிலாந்து பிரீமியர் லீக் காற்பந்து 2023/24)

செம்பனைக்காரன்:

வணக்கம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மில்லில் ஷிப்ட் வேலை, எக்செல்லில் கூட்டல் கழித்தல் போடத் தெரியும், அதற்கு மேல் கேட்காதீர்கள்.

எங்கள் பழைய தோட்டத்து முக்கில் ஒரு சாப்பாட்டுக் கடை. சனிக்கிழமை ராத்திரி காற்பந்து பார்க்க அங்கே ஒரு கூட்டம் சேரும். போன வாரம் ஒரு பெரியவர், "1992/93இல் பிரீமியர் லீக் ஆரம்பிச்ச பருவத்திலேயே 1222 கோல் அடிச்சாங்க, 2023/24இல் 1246, முப்பது வருஷத்தில் 24 கோல்தான் கூடியிருக்கு, இதைப் போய் கோல் மழைங்கிறானுங்க" என்று சொல்லிவிட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அது தப்பான கணக்கு, நிரூபித்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். தோற்றவர் மேசைக்கே தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) வாங்கித் தர வேண்டும்.

வீட்டில் எடுத்து வைத்திருந்த பத்திரிகையில் 2023/24 இறுதி அட்டவணை இருந்தது. அதைப் பார்த்து 20 அணிகளையும் எக்செல்லில் தட்டினேன். மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

முதலில் சராசரி. தொலைக்காட்சியில் ஆட்டத்துக்கு 3.28 கோல் என்றார்கள். நான் அடித்த கோல் மொத்தத்தை ஆட்டங்களின் மொத்தத்தால் வகுத்தால் 1.60தான் வருகிறது. இரண்டாவது, வாங்கிய கோல் பத்தியைக் கூட்டினால் பெரியவர் சொன்ன அதே 1246 வருகிறது, ஆனால் அடித்த கோல் பத்தி 1219. அடித்ததை விட வாங்கியது எப்படி அதிகமாகும், பந்து வானத்திலிருந்தா விழுந்தது? மூன்றாவது, வெற்றி மொத்தம் 298, சமநிலை பத்தி மொத்தம் 164. வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1, ஆக 298ஐ 3ஆல் பெருக்கி 164ஐக் கூட்டினால் 1058. புள்ளிப் பத்தியைக் கூட்டினால் 1046. 12 புள்ளியைக் காணோம்.

நான் தட்டிய அடித்த கோல் பத்தி, முதலிடத்திலிருந்து கடைசி வரை: 96, 91, 86, 76, 74, 77, 58, 57, 60, 57, 55, 54, 55, 50, 40, 56, 49, 52, 41, 35.

சனிக்கிழமைக்குள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

இடதுகால்:

முதல் பிரச்சினை சுலபம் தம்பி. ஆட்டப் பத்தியைக் கூட்டினால் 20 அணிக்கு 38 வீதம் 760 வந்திருக்கும், அதைக்கொண்டுதான் வகுத்திருப்பீர்கள். உண்மையில் நடந்த ஆட்டம் 380. ஒவ்வோர் ஆட்டமும் அட்டவணையில் இரண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கிறது, இவனுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. ஒரே கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒரு நோட்டிலும் பெண் வீட்டுக்காரர் ஒரு நோட்டிலும் எழுதினால் அது ரெண்டு கல்யாணம் ஆகிவிடுமா? கோல் மட்டும் அடித்தவன் பத்தியில் ஒரு தடவைதான் வரும். ஆகவே 380ஆல் வகுங்கள்.

உங்கள் 1.60 குப்பை இல்லை, அது ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக அடித்தது. கேள்வி வேறு, பதில் வேறு, அவ்வளவுதான்.

செம்பனைக்காரன்:

நன்றி அண்ணே. 380ஆல் வகுத்தால் 3.21. கிட்ட வந்துவிட்டேன், ஆனாலும் 3.28 இல்லை. அந்த 27 கோல் வித்தியாசம்தான் இடிக்கிறது என்று நினைக்கிறேன். 20 வரிசையையும் ரெண்டு தடவை பார்த்துவிட்டேன், ராத்திரி ஷிப்ட் முடித்த கண்ணுக்கு எல்லாமே சரியாகத்தான் தெரிகிறது.

பழைய கிராணி:

தம்பி, 27 என்றதுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோட்ட ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருந்து செக்ரோல், அதாவது ஆட்களின் சம்பளப் பதிவேடு, எழுதியவன் நான். சம்பளத்துக்கு முதல் நாள் ராத்திரி ஆள் ஆளாகக் கூட்டிய தொகையும் மொத்தத் தொகையும் ஒத்துப்போகவில்லை என்றால் துரை வீட்டுக்குப் போக விடமாட்டார். அப்போது எங்கள் பெரிய கிராணி முதலில் கேட்கும் கேள்வி, "வித்தியாசம் ஒன்பதால் போகுதா பார்." போனால், யாரோ ரெண்டு இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். 63ஐ 36 என்று எழுதினால் 27 குறையும், 41ஐ 14 என்று எழுதினாலும் 27தான். எந்த இரண்டு இலக்க எண்ணைத் திருப்பினாலும் வித்தியாசம் ஒன்பதின் மடங்காகத்தான் வரும்.

இப்போது உங்கள் கணக்கு. 27 என்பது மூன்று ஒன்பது, அதனால் இடம் மாறிய இலக்கங்களுக்கு நடுவே 3 வித்தியாசம் இருக்க வேண்டும். உங்கள் மொத்தம் குறைவாக வருகிறது, ஆக பெரிய எண்ணைச் சிறியதாகத் தட்டியிருக்கிறீர்கள், அதாவது சின்ன இலக்கம் முன்னால் நிற்க வேண்டும். நீங்கள் கொடுத்த 20 எண்ணில் அப்படி இருப்பது ஒன்றே ஒன்று, ஏழாவதாக இருக்கும் 58. பத்திரிகையில் 85 என்று இருக்கும், போய்ப் பாருங்கள். எனக்கு எந்த அணி என்றுகூடத் தெரியாது, காற்பந்து நான் பார்ப்பதே இல்லை, பேரன் இந்த இழையைக் காட்டினான்.

செம்பனைக்காரன்:

ஐயா!!! நியூகாசல். பத்திரிகையில் 85. நான் தட்டியது 58. மாற்றியதும் 1246, வகுத்தால் 3.28. காற்பந்தே பார்க்காதவர் கண்டுபிடித்துவிட்டார், நாங்கள் வாரா வாரம் டிவி முன்னால் கத்திக்கொண்டிருக்கிறோம்.

பழைய கிராணி:

இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். பத்திரிகையில் உள்ள கோல் வித்தியாசப் பத்தியை அப்படியே பார்த்து எழுதியிருப்பீர்கள். அப்படிச் செய்யாதீர்கள், அடித்ததிலிருந்து வாங்கியதை நீங்களே கழித்துப் போட்டுவிட்டு, பிறகு பத்திரிகையோடு ஒப்பிடுங்கள். அந்த அணிக்குப் பத்திரிகையில் கூட்டல் 23 இருந்திருக்கும், உங்களுக்குக் கழித்தல் 4 வந்திருக்கும், அங்கேயே மாட்டியிருக்கும். மொத்த லீக்குக்கும் கோல் வித்தியாசத்தைக் கூட்டினால் பூஜ்யம்தான் வர வேண்டும், வெற்றி மொத்தமும் தோல்வி மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும், சமநிலை மொத்தம் இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும். ஒற்றைப்படை வந்தால் மேலே ஏதோ தப்பு. எங்கள் காலத்தில் ரப்பர் பால் ஸ்டோரில் நிறுத்த எடையும் ஆள் பேரில் எழுதிய எடையும் இப்படித்தான் ஒன்றையொன்று காவல் காக்கும்.

சிவப்புச் சட்டை:

நியூகாசல் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அந்தப் பருவத்தில் நியூகாசலும் எங்கள் மென்செஸ்டர் யுனைடெட்டும் அச்சு அசல் ஒரே கணக்கு, 18 வெற்றி, 6 சமநிலை, 14 தோல்வி, 60 புள்ளி. கோல் வித்தியாசம் மட்டும் அவர்களுக்கு கூட்டல் 23, எங்களுக்கு கழித்தல் 1. பெரும்பாலும் ஒரு கோல் இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்து, தோற்கும்போது வாளியில் வாங்கி வந்தோம். 57 அடித்து 58 வாங்கி எட்டாவது இடம். ஆனால் லீக்குக்கு வெளியே நடக்கும் எஃப்.ஏ. கிண்ணப் போட்டியில் அந்தப் பருவம் ஜெயித்தது யார்? நாங்கள்தான். சரி, நான் கிளம்புகிறேன்.

நீலச்சட்டை தாப்பா:

அந்த 12 புள்ளி எங்கே போனது என்று என்னைக் கேளுங்கள், நான் எவர்ட்டன் ரசிகன், அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

உங்கள் தட்டச்சில் தப்பு இல்லை. ஒவ்வொரு வரிசைக்கும் வெற்றியை மூன்றால் பெருக்கி சமநிலையைக் கூட்டிப் பாருங்கள். 18 அணிக்குச் சரியாக வரும். எவர்ட்டன் 13 வெற்றி 9 சமநிலை, 48 வர வேண்டும், அட்டவணையில் 40. நோட்டிங்ஹம் ஃபோரஸ்ட் 9 வெற்றி 9 சமநிலை, 36 வர வேண்டும், 32 இருக்கும். எட்டும் நான்கும் பன்னிரண்டு. அனுமதித்த அளவுக்கு மேல் நஷ்டம் காட்டினார்கள் என்று லாப நஷ்ட விதிப்படி வெட்டியது. எங்களுக்கு 2023 நவம்பரில் 10 புள்ளி வெட்டினார்கள், மேல்முறையீட்டில் அது 6 ஆனது, அப்புறம் ஏப்ரலில் இன்னும் 2. அந்த 8 இல்லையென்றால் 48 புள்ளியோடு 12ஆவது இடத்தில் முடித்திருப்போம், போர்ன்மவுத்துக்கும் 48தான், ஆனால் எங்கள் கோல் வித்தியாசம் கழித்தல் 11, அவர்களுடையது கழித்தல் 13. முடித்தது 15ஆவது.

இனிமேல் எந்தப் பருவத்தின் அட்டவணையை எடுத்தாலும் முதலில் அடிக்குறிப்பைப் பாருங்கள். புள்ளி வெட்டு அங்கேதான் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும்.

செம்பனைக்காரன்:

சோதித்துவிட்டேன், அதே இரண்டு வரிசைதான். இவ்வளவு நேரம் பத்திரிகைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

சரி, இப்போது பந்தயத்துக்கு வருவோம். 1222க்கும் 1246க்கும் 24தான் வித்தியாசம் என்று பெரியவர் சொல்வது எண்ணளவில் உண்மைதானே, அதை எப்படி உடைப்பது?

இடதுகால்:

1992/93இல் எத்தனை அணி என்று அவரைக் கேளுங்கள். 22. ஆளுக்கு 42 ஆட்டம், மொத்தம் 462. 1995/96 பருவத்திலிருந்துதான் 20 அணி, 380 ஆட்டம். 1222ஐ 462ஆல் வகுத்தால் 2.65. அதாவது இப்போது 82 ஆட்டம் குறைவாக ஆடியும் 24 கோல் அதிகம். அதே 462 ஆட்டம் 3.28 வீதத்தில் ஆடியிருந்தால் 1500ஐத் தாண்டியிருக்கும். மொத்தத்தோடு மொத்தத்தை வைத்துப் பேசினாலே இந்தத் தொல்லைதான், ரெண்டு ஏக்கர் காட்டில் வெட்டிய செம்பனைக் குலையையும் மூன்று ஏக்கர் காட்டில் வெட்டிய குலையையும் எண்ணிப் பார்த்து எந்த மண் நல்லது என்று கேட்பது மாதிரி.

ஆனால் ஜாக்கிரதை, பெரியவர் விவரமானவர் மாதிரி தெரிகிறது. "அது ஷெஃபீல்ட் யுனைடெட் ஒருத்தன் 104 கோல் வாங்கினதால் வந்த சராசரி" என்று அடுத்த அடி அடிப்பார். பிரீமியர் லீக்கில் ஒரு பருவத்தில் யாரும் அத்தனை வாங்கியதில்லை, 1993/94இல் ஸ்விண்டன் 42 ஆட்டத்தில் 100 வாங்கியது, அதையும் 38 ஆட்டத்திலேயே தாண்டிவிட்டார்கள். அதற்கும் பதில் தயாராக வைத்திருங்கள். ஷெஃபீல்ட் ஆடிய 38 ஆட்டத்தில் அவர்கள் அடித்தது 35, வாங்கியது 104, ஆக 139 கோல். அதை எடுத்துவிட்டால் மிச்சம் 342 ஆட்டம், 1107 கோல், சராசரி 3.24. ஷெஃபீல்ட்டைத் தூக்கிப் போட்டாலும் 0.04தான் இறங்குகிறது. அதற்கு முந்தைய 2022/23இல் மொத்த லீக்குமே 1084 கோல், 2.85தான். அதனால் ஏறியது ஓர் அணியால் இல்லை, லீக் முழுக்க ஏறியிருக்கிறது.

நீலச்சட்டை தாப்பா:

ஏன் ஏறியது என்று கேட்டால் ஒரு காரணம் கூடுதல் நேரம். 2023/24லிருந்து கோல் கொண்டாட்டம், ஆள் மாற்றம், காயம் எல்லாவற்றுக்கும் போன நேரத்தைக் கறாராக எண்ணிச் சேர்க்கச் சொன்னார்கள், 97ஆவது நிமிடம் வரை எழுந்திருக்க முடியாது. அதுதான் முழுக் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், ஒரே பருவத்தில் 162 கோல் ஏறியதை அது ஒன்றே தாங்காது.

கோலா கெட்டில் கோல்கீப்பர்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இதே மாதிரி நம்ம மலேசிய சூப்பர் லீக்குக்குப் போட முடியுமா? 2024/25 பருவத்தின் நடுவில் எப்போது அட்டவணை பார்த்தாலும் ஒவ்வோர் அணியும் ஒவ்வோர் எண்ணிக்கையில் ஆட்டம் ஆடியிருந்தது, தலை சுற்றியது.

இடதுகால்:

அது 13 அணி லீக், ஒற்றைப்படை. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணி சும்மா உட்கார்ந்துதான் ஆக வேண்டும். மொத்தம் ஆளுக்கு 24 ஆட்டம், லீக்குக்கு 156. பாதியில் பார்க்கும்போது புள்ளியை அந்தந்த அணி ஆடிய ஆட்டத்தால் வகுத்து வரிசைப்படுத்துங்கள், கொஞ்சம் நியாயமாகத் தெரியும். அப்புறம் 2020ஐ மற்ற வருடத்தோடு சேர்க்காதீர்கள், கொரோனாவால் ஆளுக்கு 11 ஆட்டத்தோடு முடித்துவிட்டார்கள். யார் சாம்பியன் என்று கண்டுபிடிக்க மட்டும் எக்செல் தேவையில்லை, 2014லிருந்து ஜொகூர் அணிதான்.

செம்பனைக்காரன்:

சனிக்கிழமை முடிந்தது, வந்து சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

ஏ4 தாளில் அச்செடுத்துக் கொண்டு போனேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 462ஐப் பார்த்தார், 2.65ஐப் பார்த்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அண்ணன் சொன்ன மாதிரியே, "ஷெஃபீல்ட் வாங்கினதை எடுத்துட்டுச் சொல்லு" என்றார். தாளைத் திருப்பிக் காட்டினேன், பின்பக்கம் 3.24. கடையே சிரித்தது. ஆறு பேருக்கும் தே தாரிக் அவர் கணக்கில்தான், ஆனால் பில் வந்தபோது ஏழு டம்ளர் போட்டிருந்தார்கள், "இதையும் உன் மாப்பிள்ளை வீடு பெண் வீடு மாதிரி எங்கேயோ ரெண்டு தடவை எழுதிட்டானுங்க, வகுத்துக் கொடு" என்றார்.

ஆனால் மனுஷன் விடவில்லை. கிளம்பும்போது, "சொந்த அரங்கில் ஆடினால் பலம்னு எல்லாரும் சொல்றீங்களே, 2020/21ஐப் போய் எடு" என்று சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறிவிட்டார். வந்து எடுத்தேன். சொந்த அரங்கில் ஜெயித்தது 144, வெளியூரில் ஜெயித்தது 153, சமநிலை 83. கூட்டினால் 380 வருகிறது கிராணி ஐயா, முதலில் அதைத்தான் பார்த்தேன். பெரும்பாலும் ரசிகர்களே இல்லாமல் ஆடிய பருவம் அது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள பருவங்களையும் எடுத்து வைத்து வேறு இழையில் கேட்கிறேன், ஷிப்ட் முடியட்டும்.