கீழத்தெரு குடும்பம்: முக்குக் கடை விஷயம்

செவ்வாய்க்கிழமை

மாலை 6:42
செல்வி மதினி: எல்லாரும் இருக்கீங்களா? ஒரு விஷயம். வெளிய யாருகிட்டயும் சொல்லிராதீங்க.

உமா அக்கா: சொல்லு செல்வி. என்னாச்சு?

செல்வி மதினி: ஹெச்.எம். கூப்பிட்டு விட்டிருந்தாங்க. சஞ்சய் ஜாமெட்ரி பாக்ஸ்ல புகையிலை இருந்திருக்கு. உதட்டுக்குள்ள ஒதுக்கி வைப்பானுவல்லா, அந்தச் சின்னப் பை. எட்டாங்கிளாஸ் படிக்கிற பய.

குமார் அண்ணன்: அவனா??

செல்வி மதினி: அவன் மட்டும் இல்ல அத்தான். ஒரு டப்பா வாங்கி கூட்டாளிங்க எல்லாம் பிரிச்சுக்கிடுதானுவளாம். கீழ் உதட்ட இழுத்துப் பாத்தேன், உள்ள வெள்ளையா வெந்துபோயி இருக்கு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

ராஜா அண்ணன் (சவுதி): எந்தக் கடைல வாங்குனான்?

செல்வி மதினி: முக்குக் கடை.

(இதன்பின் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை.)

மாலை 7:05
சென்னை சித்தப்பா: [அனுப்பப்பட்ட படம்: புகையிலை உயிரைக் கொல்லும்! 10 பேருக்குப் பகிரவும் 🙏🚭]

சென்னை சித்தப்பா: இதுக்குத்தான் நான் எப்பவும் சொல்றது. மொத்தமா தடை பண்ணணும். விக்கிறவன், செய்றவன், பீடி சுத்துறவங்க எல்லாரையும் பிடிச்சு உள்ள போடணும்.

சென்னை சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

உமா அக்கா: நீக்குனா என்ன சித்தப்பா, அம்மாவுக்கு அதுக்குள்ள படிச்சுக் காமிச்சிட்டேன். அவுக சொல்லச் சொல்ல அடிக்கேன், இருங்க.

உமா அக்கா: "தம்பி, சுத்துறவங்கன்னா என்னையும் சேத்துத்தான சொல்லுதீக? நீங்க பாலிடெக்னிக் படிச்சப்போ பீஸ் எங்கிருந்து வந்துச்சுன்னு உங்க அண்ணன் இருந்தா சொல்லியிருப்பாக. இந்தச் சுளகுல இருந்துதான் வந்துச்சு."

சென்னை சித்தப்பா: மதினி, உங்கள சொல்லல. பொதுவா சொன்னேன்.

உமா அக்கா: "பொதுவான்னா யாரு? கடையம், ஆலங்குளம், முக்கூடல் பக்கம் வீட்டுக்கு வீடு பொம்பளைங்க சுத்துதாங்க. அம்புட்டுப் பேரையும் உள்ள போட்டா சோறு யாரு போடுவா?"

குமார் அண்ணன்: 😂😂

உமா அக்கா: "சிரிக்காத குமாரு. உனக்குத் தனியா இருக்கு."

மாலை 7:31
ரேவதி: பெரியம்மா சொல்லுதது சரிதான் சித்தப்பா. அதுக்காக இது நல்ல வேலைன்னும் இல்ல. தூள கையால அள்ளி அள்ளியே நிக்கோட்டின் தோல் வழியா உடம்புக்குள்ள போவுது. ஒரு பீடி குடிக்காதவங்களுக்கும் போவும்.

உமா அக்கா: "அத நீ படிச்சுத்தான் தெரியணுமா ரேவதி? ராத்திரி இருமுறது எனக்குத் தெரியாதா? இடுப்பு வலி வேற. அதான் உமாவ கத்திரி பக்கமே விடல. பீடித் தொழிலாளி புள்ளைங்களுக்குக் குடுக்கிற உதவித்தொகைய வாங்கித்தான் அவள டிகிரி முடிக்க வச்சேன். இப்போ பி.எஃப். பென்சன் மாசம் 1,000 ரூவா வருது. அத வச்சு என்ன செய்ய? முன்ன மாதிரி தினமும் இலையும் கிடைக்கல."

குமார் அண்ணன்: பீடிக்கு ஜி.எஸ்.டி. 28-ல இருந்து 18 ஆக்கணும்னு 2025 செப்டம்பர் கவுன்சில்ல முடிவு பண்ணாங்களே. இலைக்கும் 18-ல இருந்து 5. தொழில் நல்லாயிரும்மா.

உமா அக்கா: "வரிய குறைச்சா கூலிய ஏத்துவாகளா? அத முதல்ல கேட்டுச் சொல்லு."

ரேவதி: அண்ணே, ஒரு பக்கம் பாக்கெட்ல 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் போடுன்னு சொல்லிட்டு இன்னொரு பக்கம் வரிய குறைக்காங்க. சிகரெட்ட விட பீடில தாரும் கார்பன் மோனாக்சைடும் கம்மி இல்ல, கூடத்தான். குடிக்கிறவன் ஏழைங்கிறதால அது சாதுன்னு ஆயிருமா?

ராஜா அண்ணன் (சவுதி): எல்லாரும் பட்ஜெட் பேசுதீங்க. என் புள்ளைக்கு வழி என்ன?

ராஜா அண்ணன் (சவுதி): செல்வி, அவன அடிச்சிராத.

செல்வி மதினி: ஏற்கெனவே ரெண்டு வச்சிட்டேன்.

இரவு 8:10
சென்னை சித்தப்பா: தமிழ்நாட்டுல இது தடை பண்ண சாமான்தானே? அப்புறம் எப்படிக் கடைல இருக்கு?

ரேவதி: 2013-லயே தடை, சித்தப்பா. உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல குட்கா, பான் மசாலா, மெல்லுற புகையிலை எல்லாத்துக்கும் போட்டாங்க. வருசா வருசம் நீட்டிக்கிட்டே வந்தாங்க. அப்படி நீட்டிக்கிட்டே போக அந்தச் சட்டத்துல இடமில்லன்னு 2023 ஜனவரில ஹைகோர்ட் ரத்து பண்ணிருச்சு. ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்டதால திரும்பவும் நிக்கி. காகிதத்துல.

குமார் அண்ணன்: விடியக்காலைல பைக்ல ஒருத்தன் வந்து பையோட குடுத்துட்டுப் போறான். ஊருக்கே தெரியும்.

செல்வி மதினி: நாளைக்கே எழுதிக் குடுக்கப் போறேன்.

குமார் அண்ணன்: செல்வி, கொஞ்சம் யோசிம்மா. கடைக்காரன் யாரு? எங்க பெரியம்மா மவன். உணவுப் பாதுகாப்புக்காரங்க வந்தா முதல் தடவைக்கே 25,000 அபராதம், 15 நாளு கடைய மூடிருவாங்க. அவனுக்கும் ரெண்டு பொட்டப் புள்ளைங்க.

செல்வி மதினி: தப்பா நினைக்காதீங்க அத்தான். உங்களுக்கு சிகரெட் வாங்க அந்தக் கடைக்கு யார அனுப்புவீங்க? சஞ்சயத்தான. அஞ்சாங்கிளாஸ்ல இருந்து அனுப்புதீங்க. மீதிச் சில்லறைக்கு மிட்டாய் வாங்கிக்கோன்னு வேற சொல்லுவீங்க.

(இரண்டு நீல டிக். பதில் இல்லை.)

ரேவதி: 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு விக்கிறதே குத்தம். 2003 சட்டம். கடை வாசல்ல போர்டே வைக்கணும்.

உமா அக்கா: நம்ம ஊர்ல எந்தக் கடைல போர்டு இருக்கு?

ரேவதி: முக்குக் கடைல இருக்கு. மேல முட்டை அட்டைய அடுக்கி மறைச்சு வச்சிருக்காவ.

இரவு 9:26
குமார் அண்ணன்: சரி செல்வி. இனிமே அனுப்பல.

உமா அக்கா: அம்மா சொல்லுதாங்க: "யாரும் இப்போதைக்கு எழுதிக் குடுக்க வேண்டாம். எங்க அக்கா மவன்தான, காலைல நானே போயி கேக்கேன்."

சென்னை சித்தப்பா: மதினி, சொந்தக்காரங்ககிட்ட மனசு விட்டுப் பேசுனா...

உமா அக்கா: "தம்பி, நீங்க படம் அனுப்புங்க. நா பேசிக்கிடுதேன்."

புதன்கிழமை

காலை 10:15
உமா அக்கா: போயிட்டு வந்தாச்சு. அம்மா போட்ட சத்தத்துல இட்லி வாங்க வந்தவுக எல்லாம் நின்னு வேடிக்கை பாத்தாக.

ராஜா அண்ணன் (சவுதி): என்ன சொன்னான்?

உமா அக்கா: முதல்ல "அப்படி ஒண்ணும் நான் விக்கல சித்தி"ன்னான். அம்மா நேரா உள்ள போயி அரிசி டின்ன தொறந்து ரெண்டு சரம் எடுத்துட்டாக. அப்புறம் "இது இல்லன்னா என் கடைக்கு யாரு வாரா, மிட்டாய்ல என்ன கிடைக்கும்"ங்கான்.

செல்வி மதினி: அத்தை அதுக்கு என்ன சொன்னாங்க?

உமா அக்கா: "ஏல, நானும் போயிலைலதான் சோறு திங்கேன். எட்டாங்கிளாஸ் பய வாயில வச்சா சோறு திங்கேன்?"னாக. அவன் தலைய குனிஞ்சுக்கிட்டான். ஆனா கடைசில ஒரு பாயிண்ட் வச்சான் பாரு. ஸ்கூல்ல இருந்து 300 அடி தள்ளித்தான் கடை இருக்காம். கேட்ல இருந்து ரோட்டு வழியா அளந்து பாத்துக்கோங்கன்னான்.

குமார் அண்ணன்: 300 அடி வரும்னுதான் நினைக்கேன். டேப் வச்சு அளந்துருவோமா?

ரேவதி: அண்ணே, ரோட்டு வழியா அளக்கக் கூடாது. மதில் சுவரோட வெளிப்பக்கத்துல இருந்து நேர்கோட்டுல நூறு கஜம், அதாவது 300 அடிக்குள்ள விக்கக் கூடாது. நம்ம ஸ்கூல் பின்பக்கச் சுவரு அவன் கடைக்கு எதுத்தாப்லதான் இருக்கு.

ரேவதி: அதவிட முக்கியம், அந்த நூறு கஜக் கணக்கு பீடி, சிகரெட் மாதிரி சாமானுக்கு. பிடிச்சா 200 ரூவா வரைக்கும் அபராதம். அந்தப் புகையிலைப் பைக்கு கஜமே கிடையாது. தமிழ்நாட்டுல எங்க வச்சு வித்தாலும் தப்பு.

குமார் அண்ணன்: அப்போ டேப் வேண்டாம்.

செல்வி மதினி: இனிமே விக்க மாட்டேன்னு சொன்னானா, இல்லையா?

உமா அக்கா: இருக்கிற சரக்க மட்டும் தள்ளிவிட்டுருதேன்னு சொல்லுதான்.

செல்வி மதினி: யாருகிட்ட தள்ளுவான்? மத்த வீட்டுப் புள்ளைங்ககிட்டயா?

ராஜா அண்ணன் (சவுதி): அதான கேள்வி.

மதியம் 1:40
உமா அக்கா: அம்மா யோசிச்சிட்டுச் சொல்லுதாக: "செல்வி கேக்கதும் நியாயந்தான். நாளைக்கு எல்லாரும் சேந்து ஹெச்.எம்.ம பாப்போம். ஸ்கூல்ல இருந்தே எழுதிப் போடட்டும், நம்ம குடும்பத்துப் பேரு வர வேண்டாம். அதுக்குள்ள அவன் சரக்க குழி தோண்டிப் புதைச்சாலும் சரி, கொண்டு வந்தவன்கிட்டயே திருப்பிக் குடுத்தாலும் சரி. இன்னைக்குச் சாயந்திரம் அவன்கிட்ட அதையும் சொல்லிருதேன்."

குமார் அண்ணன்: முன்கூட்டியே சொல்லிட்டா ஒளிச்சு வச்சிருவான்மா.

உமா அக்கா: "ஒளிக்கட்டும். அக்கா மவன் முதுகுல குத்துனவன்னு பேரு எனக்கு வேண்டாம்."

செல்வி மதினி: எனக்கு இதுல இஷ்டம் இல்ல. அத்தை சொன்னதுக்காக ஒத்துக்கிடுதேன்.

ரேவதி: மதினி, சஞ்சய்க்கு 1800-11-2356. காசு கிடையாது, தமிழ்ல பேசுவாங்க. நீங்க பக்கத்துல இருந்து பேச வைங்க. திட்ட மாட்டாங்க. உதட்ட பல் டாக்டர்கிட்ட ஒருதடவ காமிச்சிருங்க. விட்டா ஆறிரும்னாலும் பாத்துக்கிடணும்.

குமார் அண்ணன்: அந்த நம்பரு சிகரெட் பாக்கெட்லயும் இருக்கு.

ரேவதி: உங்களுக்காகத்தான் போட்டிருக்காங்க அண்ணே.

உமா அக்கா: 😂 அவன் இத்தன வருசமா படிச்சிருக்கான், டயல் பண்ணல.

குமார் அண்ணன்: சஞ்சய் பேசும்போது ஸ்பீக்கர்ல போடுங்க. நானும் கேக்கேன். கேக்க மட்டும்தான்.

சென்னை சித்தப்பா: நல்ல முடிவு 👏 நானும் வந்திருப்பேன், இங்க ஆடிட்டிங் போயிட்டிருக்கு.

செல்வி மதினி: நாளைக்கு 9 மணிக்கு ஸ்கூல் வாசல். குமார் அத்தான், அத்தைய பைக்ல கூட்டிட்டு வந்திருங்க.

உமா அக்கா: "பைக்கு வேண்டாம். நாளைக்குப் பீடிக் கடைல இலை போடுத நாளு. எட்டு மணிக்குக் கட்ட குடுத்துட்டு, இலையும் தூளும் வாங்கிக்கிட்டு அப்படியே நடந்து வந்திருதேன். பைய மட்டும் யாராவது பிடிச்சுக்கோங்க."