பாரைடோலியாவுக்குத் தமிழ்ல என்ன? (அவசரம், நாளைக்குக் காலைல கொடுக்கணும்)

அரைத்தூக்கம் எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். சிறுவர் அறிவியல் இதழ் ஒண்ணுக்கு 'விநோதச் செய்தி' பக்கம் மொழிபெயர்த்துக்கிட்டு இருக்கேன். 1976 ஜூலைல வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயில சைடோனியாங்கிற இடத்த படம் எடுத்துச்சே, ஒரு குன்று அப்படியே மனுச முகம் மாதிரி விழுந்துச்சே, அந்தக் கதை. கூடவே 2004ல ஈபேல 28,000 டாலருக்கு ஏலம் போன டோஸ்ட், அதுல மேரி மாதா முகம் தெரிஞ்சுதாம், ஒரு கடி கடிச்ச டோஸ்ட் வேற. அப்புறம் மூணு ஓட்டை பிளக் பாயிண்ட் வாயப் பொளந்து முழிக்கிற படம். எல்லாத்துக்கும் சேர்த்து தலைப்பு ஒரே சொல், பாரைடோலியா, அதாவது ஏதோ ஒரு பொருள்ல இல்லாத முகமோ உருவமோ நமக்குத் தெரியறது. கட்டம் சின்னது, ரெண்டு சொல் போட்டா உடைஞ்சிரும். இப்போதைக்கு 'மாயத்தோற்றம்'னு வச்சிருக்கேன், உறுத்துது.

மஞ்சள்குருவி எழுதியது:
வேணாம் தம்பி. ஒண்ணுமே இல்லாம தெரியறதுக்கும் மாயத்தோற்றம்தான், இருக்கிறது கோணலா தெரியறதுக்கும் மாயத்தோற்றம்தான், வகுப்புல இத வச்சுக்கிட்டு நான் படுற பாடு போதும். இங்க குன்று நெசம், அதுல விழுந்த நிழல் நெசம், முகம் மட்டும்தான் நம்ம சரக்கு. முகத்த அடையாளம் காணுறதுக்குன்னே மூளையோட அடிப்பக்கத்துல ஒரு பகுதி இருக்கு, ரெண்டு புள்ளி ஒரு கோடு கிடைச்சா அதுக்குப் போதும், உடனே எழுந்து உக்காந்துக்கும். முகமயக்கம்னு போடலாமே?

நட்டுபோல்ட்டு எழுதியது:
முகமயக்கம்னா எவனோ காதல்ல விழுந்த மாதிரி இருக்குக்கா. அதுவுமில்லாம மேகத்துல யானை தெரியுதே, அதுவும் பாரைடோலியாதான, யானைக்கு முகம் மட்டுமா தெரியுது? உருமயக்கம்னு வைங்க, முடிஞ்சுது.

இலம்பகம் எழுதியது:
அன்பர்களே, உருமயக்கம் என்றவுடன் எனக்கு உருபு மயக்கம்தான் நினைவுக்கு வந்தது! மாணவன் வேற்றுமை பற்றி எழுதிவிடப் போகிறான். புதுச்சொல் எதற்கு? இயல்பாய் நிகழ்வதன் மேல் நம் கருத்தை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்றம். மதுரை மதில்மேல் கொடி காற்றில் ஆடியது, இளங்கோ அதை 'வாரல் என்பனபோல் மறித்துக் கைகாட்ட' என்றார், வராதீர்கள் என்று கை காட்டித் தடுப்பது போல. குன்றுக்குக் கண் மூக்கு ஏற்றுவதும் அதுவே.

மஞ்சள்குருவி எழுதியது:
ஐயா, நல்லாத்தான் இருக்கு, ஆனா இளங்கோவுக்கு அது கொடின்னு தெரியும், யோசிச்சுத்தான் கைய வச்சார். பிளக் பாயிண்ட்ட பாத்து நாம யோசிக்கிறதே இல்லையே, அது தானா முழிக்குது. சைவ சித்தாந்தத்துல ஐயக்காட்சி திரிபுக்காட்சின்னு சொல்வாங்களே, கயித்தப் பாம்புன்னு பாக்குறது, அந்தத் திரிபு கிட்ட வருமோ?

நட்டுபோல்ட்டு எழுதியது:
> அந்தத் திரிபு கிட்ட வருமோ?
வராதுக்கா. வெளக்கு கொண்டு வந்தா பாம்பு போயிடும், கயிறு மட்டும் மிஞ்சும். பிளக் பாயிண்ட்டுக்கு எத்தனை வெளக்கு போட்டாலும் அது முழிச்சுக்கிட்டேதான் இருக்கும். நான் வயரிங் பண்ணுற ஆளு, உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சும் அது என்னைப் பாக்குது. செவ்வாய்க் குன்றயும் 2001ல இன்னும் துல்லியமா படம் எடுத்து வெறும் குன்றுன்னு காட்டிட்டாங்க, ஆனா அந்தப் பழைய படத்த இன்னைக்குப் பாத்தாலும் முகம்தான். தெரிஞ்சும் தெரியுது பாருங்க, அதுதான் இதுல விசேஷம், அது சொல்லுல வரணும்.

வேர்ச்சொல் எழுதியது:
முதலில் மூலத்தைப் பார்ப்போம். கிரேக்கத்தில் 'ஐடோலோன்' என்றால் உரு, நிழலுரு. தொல்காப்பியர் 'ஐ வியப்பாகும்' என்கிறார். வியப்பூட்டும் உரு என்ற பொருளில் ஐ இங்கிருந்தே அங்கு போயிருக்க வேண்டும். எனவே 'ஐயுரு' என்பதே தூய தமிழ், மயக்கம் கியக்கம் வேண்டாம்.

நட்டுபோல்ட்டு எழுதியது:
அண்ணே, அந்தக் கிரேக்கச் சொல்லு 'பார்' அப்படிங்கிற பொருள்ள வர்ற 'வெய்ட்' வேர்லேர்ந்து வந்தது, வீடியோ, வித்யா எல்லாம் அதே குடும்பம். ஆரம்பத்துல இருந்த வகரம் கொட்டிப்போய்த்தான் ஐ மிஞ்சுச்சு, தொல்காப்பியர விட்ருங்க பாவம்.

வேர்ச்சொல் எழுதியது:
வகரமா? அப்படியென்றால் 'விழி' என்ன? கண்ணுக்கு விழி, பார்ப்பதற்கு வெய்ட். இதைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன், பதினைந்து சான்று இருக்கிறது.

அரைத்தூக்கம் எழுதியது:
அண்ணே, தனி இழையிலயே வச்சுக்குங்க, எனக்கு மணி பதினொண்ணு.

இலம்பகம் எழுதியது:
நிலவின் கறையை முயலாகக் கண்டு, நிலவுக்கே முயற்கூடு என்று பெயர் வைத்தவர்கள் நாம். முயற்காட்சி என்றால் என்ன?

நட்டுபோல்ட்டு எழுதியது:
ஐயா, முயலத் தொட்டா அடுத்த நிமிசம் கொம்பு கேப்பாங்க. இல்லாததுன்னு ஆயிடும், குன்று இருக்கே.

மஞ்சள்குருவி எழுதியது:
ஐயா சொன்னதும் எனக்கு ஒண்ணு தோணுது. பாலைநிலப் பாட்டுல கானல்நீருக்குப் பேய்த்தேர்னு ஒரு சொல் வருமே! அதுவும் பொய்னு தெரிஞ்சாலும் கண்ண விட்டுப் போகாது, நட்டுபோல்ட்டு கேட்ட அதே குணம். பேய்னா இங்க ஆவி இல்ல. பேய்ச்சுரை, பேய்க்கரும்புங்கிறோமே, பாக்க அது மாதிரி, ஆனா அது இல்ல. அந்த வாய்ப்பாட்டுல 'பேய்முகம்'. நாலே எழுத்து, கட்டத்துக்குள்ள நிக்கும்.

(எழுதிட்டு எண்ணிப் பாத்தேன், அஞ்சு.)

இலம்பகம் எழுதியது:
அருமை. தேரும் முகமும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறது. என் தற்குறிப்பேற்றத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

அரைத்தூக்கம் எழுதியது:
எனக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு அக்கா, ஆனா எட்டு வயசுப் பிள்ளைங்க படிக்கிற பக்கம். மேரி மாதா படத்துக்கு மேல கொட்டை எழுத்துல பேய்முகம்னு போட்டா எனக்கு அடுத்த மாசம் வேலை இருக்காது.

நட்டுபோல்ட்டு எழுதியது:
அய்யய்யோ, அத மறந்தே போயிட்டோம்.

வேர்ச்சொல் எழுதியது:
ஐயுரு என்று வைத்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

அரைத்தூக்கம் எழுதியது:
சரி, மணி ஒண்ணேகால். உருமயக்கம்னு போட்டு அனுப்பிட்டேன். மூணு பேரு ஓகே சொன்னதா எடுத்துக்கிறேன், இலம்பகம் ஐயா தூங்கியிருப்பார்னு நினைக்கிறேன், ஐயா உருபு மயக்கத்துக்கு மன்னிக்கணும். பேய்முகத்த எடுத்து வச்சிருக்கேன், பெரியவங்க பத்திரிகைக்கு எழுதும்போது கட்டாயம் போடுவேன்.

மஞ்சள்குருவி எழுதியது:
போடு தம்பி, பரவால்ல. ஆனா நான் வகுப்புல பேய்முகம்னுதான் சொல்லப்போறேன், பிள்ளைங்க பயப்படுதா சிரிக்குதான்னு பாத்துட்டு எழுதுறேன். இன்னொண்ணு, ஃபேன் சத்தத்துல யாரோ பேரச் சொல்லிக் கூப்பிடுற மாதிரி கேக்குமே, அதையும் பாரைடோலியாங்கிறாங்க. அதுல உருவும் இல்ல, முகமும் இல்ல.

நட்டுபோல்ட்டு எழுதியது:
அக்கா, நீங்க இத பதினொரு மணிக்கே சொல்லியிருக்கலாம்.