மாங்கன்னு போட்டோவுக்கு 40 லைக்கைத் தாண்ட மாட்டேங்குது, காசு கொடுத்து லைக் வாங்கலாமா?

சந்தூர்_கன்னுக்காரன்:
வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ல அப்பாவோட மாங்கன்னு நர்சரிய நான்தான் பார்த்துக்கறேன். ரெண்டு வருசமா இன்ஸ்டாகிராம்ல போட்டோ போடறேன். செந்தூரா, பீத்தர், மல்கோவா, பெங்களூரான்னு கவர்ல வரிசையா நிக்கிற கன்னுங்க. 40 லைக் வந்தா பெரிய விசயம், அதுல பாதி சொந்தக்காரங்க. எங்க சித்தி பையன் கே.ஆர்.பி. டேம் மதகு முன்னாடி கூலிங்கிளாஸ் மாட்டிக்கிட்டு நின்னான், 600 லைக். அவன் எதையும் விக்கல. எனக்குத்தான் ஆடிக்குள்ள 4,000 கன்னு போகணும்.

தண்ணி விட்டு முடிச்சு பதினோரு மணி வாக்குல எடுப்பேன். ஹேஷ்டேக்கும் விடாம போடறேன். 500 ரூவாய்க்கு 1,000 லைக் தர்றேன்னு ஒருத்தன் மெசேஜ் மேல மெசேஜ் போடறான். வாங்கலாமா?

நிப்பட்டுக்கடை_காவேரிப்பட்டணம்:
வேணாங்கண்ணா. நான் வாங்கி ஏமாந்தவ. ஒரே ராத்திரில 2,000 லைக், எல்லாம் வாயில நுழையாத பேரு. ஒரு பாக்கெட் நிப்பட்டு கூட கூடுதலா போகல. ஒரு மாசத்துல பாதி லைக் காணாமப் போச்சு. இந்த மாதிரி லைக்கை எடுத்துடுவோம்னு 2018லயே இன்ஸ்டாகிராம் அறிவிச்சிருக்காங்களாம், எனக்குத்தான் லேட்டா தெரிஞ்சது.

தருமபுரி_கல்யாண_கேமரா:
தம்பி, உங்க பக்கத்தைப் பார்த்தேன். முதல்ல லென்ஸைத் துடைங்க. எல்லாப் படத்துலயும் பனி மூடின மாதிரி இருக்கு.

அப்புறம் வெயில். மா இலை பளபளன்னு இருக்குமா, உச்சி வெயில்ல கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கும். இலை வெள்ளையா, கவர் கரியா விழுறது அதனாலதான். காலைல ஆறரைக்கு எடுங்க, இல்லன்னா நிழல்வலைக்கு அடியில. 400 கன்னையும் ஒரே படத்துல காட்டினா ரேஷன் கடை வரிசை மாதிரிதான் தெரியும். ஒரு கன்னு போதும், ஒட்டு கட்டின இடம் தெரியணும். போனை நேரா நிமிர்த்திப் பிடிங்க. 2025 ஜனவரில இருந்து ப்ரொஃபைல்ல கட்டம் சதுரம் கிடையாது, உயரவாக்குல வருது. உங்க படுக்கைப் படமெல்லாம் ரெண்டு பக்கமும் வெட்டுப்பட்டுக் கிடக்கு.

ஹேஷ்டேக்கால ரீச் பெருசா கூடாதுன்னு இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரியே சொல்லியிருக்கார். நம்மளை ஃபாலோ பண்ணாதவங்க கிட்டப் போய்ச் சேர, லைக்கை விட ஒருத்தர் இன்னொருத்தருக்கு அனுப்பறதுதான் முக்கியம்னும் சொன்னார். பாலக்கோட்டுல இருக்கற விவசாயி தன் மச்சானுக்கு அனுப்பற மாதிரி என்ன இருக்குன்னு யோசிங்க. கன்னு வாங்கறப்ப ஒட்டுல எதைப் பார்க்கணும்னு போடுங்களேன்.

சந்தூர்_கன்னுக்காரன்:
அண்ணா, லென்ஸ்ல மாம்பால்! ஒட்டு கட்டக் குச்சி சீவின கையோடவே போனை எடுத்திருக்கேன், பிசின் மாதிரி காஞ்சு ஒட்டியிருந்துச்சு. தேங்காயெண்ணெய் தொட்டு, பனியன் துணியில துடைச்சேன். ரெண்டு வருசமா அந்தப் பாலுக்குள்ள இருந்துதான் படம் எடுத்திருக்கேன் போல.

நேத்து காலைல அப்பா ஒட்டு கட்டறப்ப எடுத்தேன். குச்சிய ஆப்பு மாதிரி சீவி, பிளந்த தண்டுல சொருகி, பாலித்தீன் பட்டைய இறுக்கறார், கட்டை விரல் நகமெல்லாம் கறுப்பு. ஒட்டுக்குக் கீழ துளிர் விட்டா கிள்ளிடுங்கன்னு மட்டும் எழுதினேன். 212 லைக், 31 பேர் ஷேர் பண்ணியிருக்காங்க. போச்சம்பள்ளில இருந்து ஒருத்தர் போன் பண்ணி 60 பெங்களூரா கேட்டார்.

அப்பாகிட்ட காட்டினேன். "கையை மட்டும் போட்டிருக்க, என் மூஞ்சி எங்கடா?"ங்கறார். நாளைக்கு ஷேவ் பண்ணிட்டு வர்றாராம்.