கரண்ட் திரும்பி வந்தவுடன் ட்ரிப் விழுகிறது, மீன் தொட்டிதான் காரணமா?

தலவாக்கலை ஏஞ்சல்:
வணக்கம். வீட்டில் இரண்டடி தொட்டி, சுமார் 55 லீட்டர் தண்ணீர். ஏஞ்சல் மீன்கள்தான். 100 வாட் ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு ஒரு எயார் பம்ப், லைட். மூன்றும் தொட்டிக்குக் கீழே தரையில் இருக்கும் ஒரே மல்டி பிளக்கில். சாதாரண நாளில் ஒரு தொல்லையும் இல்லை. காற்று மழை வந்தால் எங்கள் பக்கம் லைன் மேல் மரம் சாய்ந்து கரண்ட் போய்விடும். திரும்பி வந்த கையோடு ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. தூக்கிவிட்டால் மறுபடியும் விழுகிறது. ஆனால் மறுநாள் மத்தியானம் தூக்கினால் நிற்கிறது! பக்கத்து வீட்டு மாமா மல்டி பிளக்கில் எர்த் வயரைக் கழற்றிவிடச் சொல்கிறார். செய்யலாமா? இரவெல்லாம் ஹீட்டர் இல்லாமல் மீன்கள் அடியிலேயே கிடக்கின்றன, பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

அட்டன் வயரிங்:
தம்பி, எர்த்தில் கை வைக்காதீங்க. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இல்லாவிட்டால்தான் ட்ரிப் விழும். வீட்டு ட்ரிப் பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுந்துவிடும். எர்த்தைக் கழற்றினால் கசிவு நிற்காது, போக வழி தேடிக் காத்திருக்கும். அந்த வழி தொட்டியில் கை விடும் ஆளாகவும் இருக்கலாம்.

ஒன்று சொல்லுங்க. எயார் பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, கீழேயா?

தலவாக்கலை ஏஞ்சல்:
கீழே, மல்டி பிளக்குக்குப் பக்கத்தில். இப்போது டார்ச் அடித்துப் பார்த்தேன் அண்ணே. டியூப் பம்பில் மாட்டும் இடத்தில் ஒரு துளி தொங்குகிறது. பம்புக்கு அடியில் ஈரம். மல்டி பிளக்கின் ஒரு ஓட்டைக்குள் பித்தளை பச்சை பூத்திருக்கிறது.

அட்டன் வயரிங்:
அதேதான். பம்ப் ஓடும்வரை காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனதும் தள்ள ஆளில்லை, தண்ணீர் டியூபுக்குள் ஏறி, மேல் விளிம்பைத் தாண்டி இறங்கிவிடும். பம்ப் வழியாக மல்டி பிளக்கில் சொட்டும். கரண்ட் வந்தால் ட்ரிப். மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுவதால் நிற்கிறது.

முதலில் மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணுங்க, அப்புறம்தான் பிளக்கைத் தொடணும். அந்த மல்டி பிளக்கை வீசிவிடுங்க, துடைத்து வைத்துப் பாவிக்க வேண்டாம். தண்ணீர் குடித்த பம்பையும் மாற்றுங்க. புதியதைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தட்டில் வையுங்க. டியூபில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் போடுங்க, அது காற்றைத் தொட்டிப் பக்கம் விடும், தண்ணீரைத் திரும்பி வர விடாது, விலை அதிகமில்லை. மல்டி பிளக் சுவரில், தொட்டிக்குப் பக்கவாட்டில் உயரமாக இருக்கட்டும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலேறிப் போகணும். வயர் வழியாக வருகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ட்ரிப்பில் ‘டி’ என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கி விழுகிறதா என்று அவ்வப்போது பாருங்க. விழாத ட்ரிப்பை நம்பக் கூடாது.

நுவரெலியா அக்கா:
குளிரைப் பற்றி நான் சொல்கிறேன் தம்பி. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு அறிவித்தார்களே, அப்போதெல்லாம் கம்பளிதான் எங்கள் ஹீட்டர். மூன்று பக்கமும் சுற்றுங்க, மேலே காற்றுப் போக வழி விடுங்க. ஒரு சோடா போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி மிதக்க விடலாம். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், போத்தல் நெளியும், தொட்டியும் திடீரென்று சூடாகும். கரண்ட் இல்லாதபோது தீனி போடாதீங்க. மிஞ்சிய தீனி அழுகி, இருக்கிற ஒக்சிஜனையும் தின்றுவிடும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் ஒரு கோப்பையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்க.

தலவாக்கலை ஏஞ்சல்:
நன்றி அக்கா. கம்ப்யூட்டர் யூ.பி.எஸ். ஒன்று சும்மா கிடக்கிறது, அதில் எல்லாவற்றையும் மாட்டலாமா அண்ணே?

அட்டன் வயரிங்:
எயார் பம்பை மட்டும் மாட்டுங்க. அது சில வாட்தான் இழுக்கும், பேட்டரி நல்லாயிருந்தால் மணிக்கணக்கில் ஓடும். 100 வாட் ஹீட்டரைப் போட்டால் சீக்கிரமே படுத்துவிடும். யூ.பி.எஸ்.ஸும் தொட்டிக்குக் கீழே வேண்டாம்.

வால்வில் அம்புக்குறி இருக்கும், அது தொட்டியைப் பார்த்திருக்கணும். மாட்டியதும் பம்பை நிறுத்தி, டியூபைப் பம்பிலிருந்து கழற்றி, அந்த முனையை ஒரு வாளிக்குள் விட்டு அரை மணி நேரம் பாருங்க. வாளியில் சொட்டு விழுந்தால் வால்வைக் கடையில் மாற்றி வாங்குங்க.