பூட்டு பூட்டியபடியே இருந்தது, வீடு திறந்து கிடந்தது

பூம்பாறை மருமகள்:

போன ஐப்பசியில் எங்கள் வீட்டில் களவு போனது. வத்தலகுண்டில் நாத்தனார் மகள் கல்யாணம், இரண்டு ராத்திரி வீட்டில் ஆள் இல்லை. மூன்றாம் நாள் மதியம் பஸ்ஸை விட்டு இறங்கிப் படியேறி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், பூட்டு பூட்டியபடியே தொங்குகிறது. கதவு மட்டும் ஒரு சாண் திறந்திருக்கிறது.

மாமனார் திண்டுக்கல்லில் வாங்கிய பூட்டு, உள்ளங்கை நிறைய இருக்கும். அதில் ஒரு கீறல்கூட இல்லை. நிலைக்காலில் பூட்டு மாட்டுகிற நாதாங்கியை ஸ்க்ரூவோடு பிடுங்கியிருக்கிறார்கள். அது பூட்டோடு சேர்ந்து கதவுக் கொண்டியில் ஆடிக்கொண்டிருந்தது. நாதாங்கி இருந்த இடத்தில் விரலை வைத்தேன். மரம் நனைந்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. ஐப்பசி கார்த்திகை மழையும் பனிமூட்டமும் வருஷா வருஷம் குடித்த மரம். பெயின்ட் மேலே பளபளவென்று இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

கேஸ் சிலிண்டர் போனது, மாமியாரின் குத்துவிளக்கு போனது. அதையெல்லாம் விடுங்கள். அடுப்புக்கு மேலே புகை படும்படி கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த விதைப்பூண்டு அத்தனையும் போய்விட்டது. நவம்பர் நடவுக்கு வைத்திருந்தது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு, எங்கே கொண்டுபோனாலும் காசுதான். வெறும் கயிறுகளைப் பார்த்ததும் மாமியார் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். புகார் கொடுத்தோம். புதுத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 331, 305 பிரிவுகள் என்று எழுதினார்கள், வீடு புகுந்ததற்கு ஒன்று, வீட்டுக்குள் திருடியதற்கு ஒன்று.

அன்றிலிருந்து ஒரே கேள்விதான். அப்படியானால் பூட்டிவிட்டுப் போனது வீண்தானா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

தாண்டிக்குடி மிளகு:

வீண் இல்லை அக்கா. நான் பூட்டாமல் தொலைத்தவன். மாசி மாதம், களத்தில் மிளகு காய்கிறது. மேகம் இறங்குகிறதே என்று அள்ளப் போனேன். பின்கதவைச் சும்மா சாத்தியிருந்தேன். இருபது நிமிஷம் இருக்கும். நாயும் என்கூடவே களத்தில். திரும்பி வந்தால் சனிக்கிழமைக் கூலிக்கு எடுத்து வைத்த பணம் பீரோவில் இல்லை, போனும் இல்லை. எதுவும் உடையவில்லை, எதுவும் கலையவில்லை. பணம் போனதே எனக்கு சாயங்காலம்தான் தெரிந்தது.

வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. கதவையோ பூட்டையோ உடைத்து வந்த அடையாளம் இருந்தால்தான் களவுக்குப் பணம் தருவார்களாம், பாலிசியிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. உங்கள் வீட்டில் வந்தவன் கடப்பாரையோடு வரவேண்டியிருந்தது. என் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தவனே போதும். அதனால் பூட்டுங்கள். கொல்லைக்குப் போனாலும் பூட்டுங்கள்.

கொடை வாட்ச்மேன்:

டவுனில் ஒரு பங்களா பார்த்துக்கொள்கிறேன். ஓனர் மதுரையில். முன்கதவுக்கு மூன்று பூட்டு. வந்தவன் குளியலறைக் கண்ணாடியை உடைத்து வந்தான், அந்த ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. அவ்வளவுதான்.

பூட்டுப் பட்டறைப் பையன்:

இப்போது பெருமாள்மலையில் இருக்கிறேன், பிறந்தது திண்டுக்கல். அப்பாவும் தாத்தாவும் பட்டறையில் பூட்டு செய்தவர்கள். எங்கள் ஊர்ப் பூட்டுக்கும் அதே 2019-ல்தான் குறியீடு கிடைத்தது. அக்கா சொன்னதைப் படித்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. பூட்டு வாங்க வருகிறவர்களிடம், "எந்தக் கதவுக்கு?" என்று அவர் கேட்காமல் விட்டதே இல்லை.

பூட்டுக்குள் லீவர் என்று தகடுகள் இருக்கும். சாவியின் பல் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குச் சரியாகத் தூக்க வேண்டும். ஒன்று ஏறினாலும் ஒன்று குறைந்தாலும் திறக்காது. லீவர் கூடக்கூடக் கள்ளச்சாவி போடுவது கஷ்டம். ஆனால் கடப்பாரை வைத்திருப்பவன் லீவரை எண்ணிக்கொண்டு நிற்பதில்லை. எது மெலிசோ அங்கே நெம்புவான்.

நாதாங்கியை ஸ்க்ரூ போட்டு நிறுத்தாதீர்கள். நிலையைத் துளைத்து, மறுபக்கம் வாஷர் வைத்து நட்டு முடுக்குகிற போல்ட் போடுங்கள். நட்டு வீட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் நிலையில் ஆணியால் குத்திப் பாருங்கள், மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை. ஆணி சுலபமாக இறங்கினால் எந்தப் பூட்டும் உதவாது. முடிந்தால் கதவுக்குள்ளேயே பதிகிற பூட்டு வையுங்கள். வெளியே தொங்குகிற பூட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே சொல்லிவிடும்.

பூம்பாறை மருமகள்:

தம்பி, கடைசியில் சொன்னது எங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தும். படிப்படியாக அடுக்கின மாதிரி வீடுகள். எதிரே ரோட்டில் நின்றால் எந்த வாசலில் பூட்டு, எந்த வீட்டில் புகை இல்லை என்று எல்லாமே தெரியும்.

நிலையில் உளுத்த பக்கத்தை அறுத்து எடுத்துப் புது மரம் கோத்தாயிற்று. நீங்கள் சொன்ன மாதிரியே போல்ட் போடச் சொல்லியிருக்கிறேன். பூட்டு மாமனார் பூட்டேதான், மாற்ற மனசு வரவில்லை. விதைக்கு ஆளுக்கு ஒரு கொத்து என்று பக்கத்து வீடுகளில் கொடுத்தார்கள். அரைத் தோட்டம் நட்டோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ராத்திரி மேல்வீட்டுப் பெரியம்மாவுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. காட்டுமாடு வேலியை முட்டுகிறது என்று நினைத்துப் படுத்துவிட்டாராம். அதைச் சொல்லி இன்றுவரை அழுகிறார். அவர்மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. இப்போது ஊருக்குப் போனால் சாவியை அவரிடம்தான் கொடுக்கிறோம், சாயங்காலம் வந்து லைட் போட்டு, அடுப்பையும் கொஞ்ச நேரம் பற்றவைத்துவிட்டுப் போவார். இனிமேல் சத்தம் கேட்டால் டார்ச் அடித்துப் பார்த்துவிடுகிறேன் என்றார். வாசலுக்கு வராதீர்கள் பெரியம்மா, நிஜமாகவே காட்டுமாடாக இருந்துவிட்டால் என்ன செய்வது, ஜன்னலில் நின்றே அடியுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.