சாய்வடப் பாலம்: தொங்காத பாலத்துக்கு ஒரு பெயர்

வணக்கம் நண்பர்களே.

கோபுரத்திலிருந்து சாய்வாக இறங்கும் வடங்கள் சாலையை நேரே பிடித்திருக்கும் கேபிள் ஸ்டேய்டு (cable-stayed) பாலத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் பேச்சில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: தொங்கு பாலம், கம்பிவடப் பாலம், வடந்தாங்கு பாலம், இழுவடப் பாலம். நான் ஐந்தாவதோடு வருகிறேன், மன்னிக்கவும்.

தொங்கு பாலத்தை இப்போதே தள்ளிவிடலாம். நாளிதழ்கள் அப்படி எழுதுவது உண்மைதான். ஆனால் அந்தப் பெயரை சஸ்பென்ஷன் பாலத்துக்கு எப்போதோ பட்டா போட்டுக் கொடுத்தாகிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பார்க்க பிரான்சின் சேன் ஆறு நல்ல இடம். கடலை நெருங்கும் பகுதியில் 1959இல் கட்டிய டான்கர்வில் பாலம் இருக்கிறது. அது அசல் தொங்கு பாலம், நடுக்கண், அதாவது இரு கோபுரங்களுக்கு இடைப்பட்ட நீளம், 608 மீட்டர். இன்னும் கீழே, ஆறு அகன்று கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், லெ ஆவ்ர் பக்கத்தையும் ஓன்ஃப்ளர் பக்கத்தையும் இணைக்கும் நோர்மாந்தி பாலம். இது கேபிள் ஸ்டேய்டு வகை, 1995இல் திறந்தார்கள். நடுக்கண் 856 மீட்டர். 1999இல் ஜப்பானின் ததாரா பாலம் 890 மீட்டரோடு வரும்வரை இந்த வகையில் உலகிலேயே நீளமான நடுக்கண் இதனுடையதுதான்.

டான்கர்வில்லில் பெரிய வடங்கள் கோபுரத்துக்குக் கோபுரம் தொய்ந்து போகின்றன. அவற்றிலிருந்து மெல்லிய கம்பிகள் செங்குத்தாக இறங்கிச் சாலையைப் பிடித்திருக்கின்றன. பெருவடத்தின் நுனிகளைக் கரையில் எதிலாவது இறுகக் கட்டியாக வேண்டும். அங்கே ஒரு கரையில் சுண்ணப்பாறைக் குன்று இருந்தது, பிழைத்தார்கள். முகத்துவாரத்திலோ வண்டல் மண். பெருவடத்தின் இழுப்பைக் கரையில் தாங்க வைப்பது பெரும்பாடு. அதனால் மிஷேல் விர்லோஜோ வடிவமைத்த நோர்மாந்தி பாலத்தில் 184 வடங்கள், ஒவ்வொன்றும் கோபுரத்திலிருந்து நேராகச் சாலைத் தளத்துக்கே வருகிறது. கோபுரத்தின் இந்தப் பக்க வடம் இழுப்பதை அந்தப் பக்க வடம் ஈடுகட்டுகிறது. வடம் சாய்ந்து இழுப்பதால் தளத்தை மேலே தூக்குவதோடு கோபுரத்தை நோக்கி நெருக்கவும் செய்கிறது. அந்த நெருக்கல் கோபுரத்தை ஒட்டித்தான் அதிகம். அங்கே தளம் கான்கிரீட். நடுவில் 624 மீட்டருக்கு எடை குறைந்த எஃகு.

இதற்குச் சேன் ஆற்றுக்குப் போகவேண்டியதில்லை என்பார் ஒருவர். சரி, எங்கள் சந்துக்கு வாருங்கள். மொட்டைமாடியில் இரண்டு கம்பத்துக்கு நடுவே கொடிக்கயிறு. ஈரப் புடவையும் வேட்டியும் போட்டதும் கயிறு தொய்கிறது, துணி நேராகத் தொங்குகிறது. அது டான்கர்வில். கீழே தெருமுனையில் கம்பி திரும்பும் இடத்து மின்கம்பத்துக்கு ஒரு ஸ்டே கம்பி. உச்சியிலிருந்து சாய்வாக இறங்கி மண்ணுக்குள் போகிறது, நடுவில் முட்டை மாதிரி ஒரு பீங்கான். ஆடு கட்டாதே என்று மின்வாரியம் சொல்லிச் சொல்லி ஓய்ந்த அதே கம்பிதான். அது நோர்மாந்தி. ஒரே வித்தியாசம், மண்ணுக்குப் பதில் சாலையைப் பிடித்துக்கொள்கிறது.

ஆக, பெயர் சொல்லவேண்டியது இந்தச் சாய்வைத்தான். கம்பிவடமும் சரி, வடந்தாங்கும் சரி, தொங்கு பாலத்துக்கும் பொருந்திவிடும். அங்கேயும் வடம்தானே தாங்குகிறது? இழுவடம் எனக்குப் பிடித்த சொல். தேர்வடத்தின் வாசனை இருக்கிறது. ஆனால் ஐயா, விறைத்து இழுபடுவது பெருவடத்துக்கும் உண்டே. மேலும் காதில் விழுந்தவுடன் கப்பல் வந்தால் இழுத்துத் தூக்கும் பாலமோ என்றுதான் தோன்றுகிறது. பணி முடியாமல் இழுத்துக்கொண்டே போகும் பாலம் என்று கேலி செய்யவும் ஆள் இருப்பார்கள்.

நான் சொல்வது சாய்வடம், சாய்வடப் பாலம். ஜெர்மானியர் 'ஷ்ரேக்ஸைல்ப்ரூக்க' என்கிறார்கள். ஷ்ரேக் சாய்வு, ஸைல் கயிறு, ப்ரூக்க பாலம். சீனர்களின் 'சியே லா ச்சியாவ்' சாய், இழு, பாலம் என்று மூன்றையும் அடுக்குகிறது. இழுவட அணியினருக்கு அதில் கொஞ்சம் ஆறுதல். ஜப்பானியச் சொல்லும் சாய்விலிருந்தே தொடங்குகிறது. பிரெஞ்சுக்காரர்களின் 'ஓபான்', ஆங்கிலேயரின் 'ஸ்டே' இரண்டும் பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் கப்பல் கயிறுகள். நம் கடற்கரையிலும் பாய்மரக் கயிறு ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் புழங்கியிருக்கும். யாராவது வயதான தண்டலை, அதாவது படகுத் தலைவரை, கேட்டுச் சொன்னால் என் சொல்லை நானே திரும்பப் பெறத் தயார்.

'சாய்' என்றால் பாலம் சாய்ந்துவிட்டது போல அபசகுனமாக இருக்கிறது என்று ஒரு மறுப்பு வரும், தெரியும். சாய்சதுரத்தைப் பள்ளியில் படித்த எவரும் அது விழுந்துவிடும் என்று பயந்ததில்லை. மருத்துவமனைச் சாய்தளத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளுகிறோம். வினைத்தொகையாக நின்றால் 'சாய்' அமைதியாகத்தான் இருக்கிறது.

உறுப்புச் சொற்களும் இதோடு ஒட்டிவரும். வடங்களைத் தாங்கி நிற்கும் பைலானுக்குக் கோபுரமே போதும். கோபுர உச்சியருகிலிருந்து விரிந்தால் விசிறி அமைப்பு. ஒன்றுக்கொன்று இணையாக இறங்கினால் ஆங்கிலத்தில் ஹார்ப், நமக்கு யாழ் அமைப்பு. இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் தானாக வந்து மடியில் விழுந்ததை நான் பார்த்ததில்லை. நோர்மாந்தி இரண்டுக்கும் நடுவில், விசிறிப் பக்கம் சாய்வு அதிகம்.

எனக்கு இன்னும் முடிச்சவிழாத இடம் ஒன்று உண்டு. அதே சேன் ஆற்றில் 1977இல் வந்த ப்ரோத்தோன் பாலத்தில் வடங்கள் சாலையின் நடுக்கோட்டில் ஒரே வரிசையாக நிற்கின்றன. நோர்மாந்தியில் இரு ஓரமும் இரு வரிசை. 'ஒருவரிசைச் சாய்வடப் பாலம்' என்று எழுதிப் பார்த்தேன், நீளமாக இருக்கிறது. 'ஒற்றைச் சாய்வடம்' என்றால் ஒரே ஒரு வடம் என்று ஆகிவிடுகிறது. வரைபடத்தில் ஒரு மூலையில் அடங்குகிற மாதிரி யாராவது சுருக்கித் தாருங்களேன்.