பழைய தோல் நாற்காலிகள்: 'ரெட் ராட்' தமிழில் என்ன?

அன்பர்களே,
பழைய தோல் நாற்காலிகளைப் பேணுவது பற்றிய கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். 'ரெட் ராட்' என்ற இடத்தில் இரண்டு நாளாக நிற்கிறேன். தோலின் மேற்பரப்பு உதிர்ந்து, தொட்டால் செம்பொடி கையில் ஒட்டுமே, அந்தக் கேடு. 'செவ்வழுகல்' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

மறுமொழி:
சரியில்லை. செவ்வழுகல் என்பது கரும்பு நோய்க்கு நிலைத்துவிட்ட பெயர். அது பூஞ்சையால் வருவது. இங்கே பூஞ்சையே இல்லை. காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடைத் தோல் உறிஞ்ச, அது கந்தக அமிலமாகி நார்களை அரிக்கிறது. அழுகல் என்றால் ஈரம் நினைவுக்கு வரும். படிப்பவர் நாற்காலியை வெயிலில் போட்டுவிடுவார், உள்ளதும் போய்விடும். இற்றுப்போன துணி, இற்றுப்போன கயிறு என்கிறோமே, அந்த 'இறு'விலிருந்து ஆக்குங்கள்.

மறுமொழி:
ஐயா, வினை பொருத்தம்தான், பெயராக்கும்போது இடறுகிறது. 'செவ்விறவு' என்றால் சிவந்த இறால்தான் கண்முன் நிற்கும். நான் 'துவர்ப்பொடிவு' என்பேன். துவருக்குச் சிவப்பு என்றும் பொருள் உண்டு: துவரிதழ், துவராடை. மரப்பட்டையின் துவர்ப்புச் சாறும் துவர்தான்; அதில் பதனிட்ட தோலுக்கே பெரும்பாலும் இந்தக் கேடு வருகிறது; குரோம் உப்பில் பதனிட்டதற்கு அரிது. நிறமும் காரணமும் ஒரே சொல்லில் அமைகின்றன! துவரைக்கும் இதுவே வேர் என்பது என் எண்ணம். தோலுக்கே 'அதள்' என்ற பழஞ்சொல் உண்டு. புறநானூற்றில் அதளும் பாயும் அடுத்தடுத்து வருகின்றன. கையேட்டின் தலைப்பிலேயே அதை மீட்கலாம்.

மறுமொழி:
அம்மா, அதள் வேண்டாம். நாற்காலி வைத்திருப்பவர் அகராதியைப் புரட்டுவதற்குள் எண்ணெயைத் தேய்த்துவிடுவார். அதுதான் என் அச்சம். இந்தக் கேடு மீளாதது. எண்ணெய் தோலைக் கறுக்க வைக்குமே தவிர, குணப்படுத்தாது. ஆல்கஹாலில் கரைத்த செல்லுலோஸ் பசையை மெல்லத் தடவி, உதிரும் பொடியைப் பிடித்து நிறுத்தலாம், அவ்வளவுதான். சொல்லைப் பார்த்தவுடன் பொடியும் நிறமும் தெரிய வேண்டும். 'செம்பொடிவு' போதும்.

மறுமொழி:
செம்பொடிவு பார்த்தவுடன் புரிகிறது. அதையே இட்டு, முதலில் வரும் இடத்தில் 'தோல் இற்றுச் செம்பொடியாக உதிர்தல்' என்ற விளக்கத்தையும் சேர்த்து இன்று அனுப்பிவிடுகிறேன். அனைவருக்கும் நன்றி.

மறுமொழி:
அனுப்புங்கள் தம்பி. ஆனால் எந்தத் தோலுக்கு இது வரும் என்பதைச் செம்பொடிவு சொல்லவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் 'துவர்ப்பொடிவு' பற்றி மீண்டும் எழுதுவேன்.